சாண்டர்ஸ் சொல்வதும் நம் சம்பளச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க செனட் சபையின் மூத்த உறுப்பினர் பேர்னி சாண்டர்ஸ் உழைக்கும் குடும்பங்களைப் பற்றிச் சொல்லிவருவதைச் சென்ற இதழில் தொகுத்திருந்தோம். அவர் பேச்சு சுற்றிச் சுற்றி ஐந்து விடயங்களுக்கே வந்து நிற்கும்: வாழப் போதுமான சம்பளம், எல்லோருக்கும் வைத்தியம், தொழிற்சங்கம், பெரும் பணக்காரர் மீது வரி, தேர்தலில் கோடீஸ்வரர் பணத்துக்குத் தடை. வந்த கடிதங்களில் பாதி அமெரிக்காவைப் பற்றிக் கேட்கின்றன. மீதிப் பாதி, "அது கிடக்கட்டும், இலங்கையில் எங்கள் சம்பளத்துக்கு வழி என்ன?" என்கின்றன. இரண்டையும் கலந்தே தருகிறோம்.

கட்சியே இல்லாத ஒருவர் எப்படி இத்தனை வருடம் செனட்டில் இருக்கிறார்?
(உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவி, உப்புவெளி)

கட்சி இல்லை என்பது பாதிதான் உண்மை, தங்கை. வாக்குச்சீட்டில் அவர் சுயேச்சை. சபைக்குள் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து இயங்குகிறார், பெரும்பான்மை எண்ணும்போது அவர்கள் பக்கமே எண்ணப்படுகிறார். அதற்குக் கைமாறாகக் குழுப் பதவிகள் கிடைக்கின்றன. 2021 முதல் 2023 வரை வரவுசெலவுத் திட்டக் குழுவின் தலைவராக இருந்தார். அதன்பின் 2025 தொடக்கம் வரை சுகாதாரம், கல்வி, தொழில், ஓய்வூதியம் பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

பிறந்தது 1941இல், நியூயோர்க்கின் புரூக்ளினில். தந்தை போலந்திலிருந்து குடியேறியவர், பெயின்ற் விற்பனையாளர். 1970களில் ஒரு சிறு கட்சியின் பெயரில் வெர்மொன்ட் மாநிலத்தில் நான்கு தடவை நின்று நான்கிலும் தோற்றார். 1981இல் பேர்லிங்டன் நகர முதல்வர் தேர்தலில் வென்றது வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில். 1991இல் பிரதிநிதிகள் சபை, 2007இல் செனட். காங்கிரஸ் வரலாற்றில் மிக நீண்ட காலம் இருந்த சுயேச்சை உறுப்பினர் அவர்தான்.

பரீட்சைக்கு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு ஆசனம், ஆட்தொகை எவ்வளவாக இருந்தாலும். வெர்மொன்டில் ஆறரை இலட்சத்துக்கும் குறைவான மக்கள், கலிபோர்னியாவில் ஏறத்தாழ 4 கோடி. இரண்டுக்கும் இரண்டிரண்டு. சாண்டர்ஸ் போன்ற ஒருவர் வாக்காளரை நேரில் கண்டு பேசிச் சுயேச்சையாகவே நிலைத்ததற்கு இந்தச் சிறிய மாநிலம் ஒரு காரணம். அவர் கொண்டுவரும் சட்டமூலங்கள் விழுவதற்கும் இதே ஏற்பாடு ஒரு காரணம்தான். செனட்டில் ஒரு சட்டமூலம் எப்படி விழுகிறது என்று அடுத்த பதிலில் வருகிறது.

அமெரிக்காவில் ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர் என்று எழுதியிருந்தீர்கள். நம் காசில் அது இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். அதைப் போய் 'பட்டினிச் சம்பளம்' என்று இந்த மனிதர் சொல்வது எந்த ஊர் நியாயம்?
(ஆலைத் தொழிலாளி, சீனன்குடா)

ரூபாவால் பெருக்குவதை முதலில் விடுங்கள். அங்கே உழைப்பவர் வாடகையையும் மின்கட்டணத்தையும் டொலரில்தான் கட்டுகிறார். வாரம் 40 மணித்தியாலம், வருடம் 52 வாரம், ஒருநாள்கூட லீவு எடுக்காமல் வேலை செய்தால் 7.25 டொலர் வருடத்துக்கு 15,080 டொலர் ஆகும். மாதத்துக்கு 1,257 டொலர். பெரிய நகரங்களில் ஒற்றை அறை வீட்டு வாடகையே இதைத் தின்றுவிடும். அதற்குமேல் வைத்தியக் காப்புறுதி, பிள்ளைப் பராமரிப்பு, கார். பஸ் இல்லாத ஊர்களில் கார் இல்லாமல் வேலைக்கே போக முடியாது.

தொகையைவிட அவரை உறுத்துவது அது நிற்கும் காலம். 7.25 டொலர் நடைமுறைக்கு வந்தது 2009 ஜூலையில். அதன்பின் மத்திய அரசு ஒரு சதம் கூட்டவில்லை. உணவகப் பரிசாரகர் போல வாடிக்கையாளர் தரும் 'டிப்ஸ்' வாங்குவோருக்கு முதலாளி தரவேண்டியது 2.13 டொலர் மட்டும். டிப்ஸ் சேர்ந்தும் 7.25ஐ எட்டாவிட்டால் மீதியை முதலாளி போடவேண்டும் என்கிறது சட்டம். 1991இலிருந்து அந்த 2.13 அப்படியே இருக்கிறது. பல மாநிலங்கள் தாமாகவே கூட்டிக்கொண்டன. 2025இல் வெர்மொன்ட் 14.01, கலிபோர்னியா 16.50. டெக்சாஸ், பென்சில்வேனியா போன்றவை 7.25இலேயே நிற்கின்றன.

ஏன் கூட்ட முடியவில்லை? 2021 கதையைப் படி படியாகப் பார்த்தால் விளங்கும். செனட்டில் சாதாரண சட்டமூலம் ஒன்றின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவே 100இல் 60 பேர் வேண்டும். அன்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் 50 பேர்தான். வரவுசெலவு சம்பந்தமான சட்டமூலங்களுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. கொவிட் நிவாரணச் சட்டத்துக்குள் 15 டொலர் சம்பளத்தையும் வைத்து அந்த வழியால் கொண்டுபோகப் பார்த்தார் சாண்டர்ஸ். ஆனால் அந்த வழியில் போகும் ஒவ்வொரு பிரிவும் அரச வரவுசெலவை நேரடியாகத் தொடவேண்டும் என்பது 'பேர்ட் விதி'. சம்பள உயர்வு அதற்குள் அடங்காது என்று சபையின் நடைமுறை ஆலோசகர் பெப்ரவரியில் சொல்லிவிட்டார். ஆனாலும் சாண்டர்ஸ் மார்ச் 5ஆம் திகதி திருத்தமாகக் கொண்டுவந்தார். ஆதரவு 42, எதிர்ப்பு 58. குடியரசுக் கட்சியினர் ஐம்பது பேரும் எதிர்த்தது புதினமில்லை. அவர் பக்கத்திலேயே எட்டுப் பேர் எதிர்த்தார்கள். 2023இல் தொகையை 17 டொலராக்கித் திரும்பவும் கொண்டுவந்தார். அதுவும் நகரவில்லை.

இங்கே கதை மறுபக்கம். தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 2016இல் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபா. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. தாள் அளவில் நம்முடையது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. விலைவாசி அதைத் தின்றதா இல்லையா என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பணியாளர்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே விட்டதும் நினைவில் இருக்கட்டும்.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் மூன்று சீசனாக வேலை. சம்பளத்தில் ஈ.பி.எஃப் என்று 8 வீதம் வெட்டுகிறார்கள். என் பெயரில் காசு போகவில்லை என்று ஒருவர் சொல்கிறார். கேட்டால் "நீ சீசன் ஆள், உனக்கு அது இல்லை" என்கிறார் முகாமையாளர். சாண்டர்ஸ் மாதிரி ஓர் ஆள் எங்களுக்கு இல்லையே!
(பெயர் வேண்டாம் என்கிறார்)

தம்பி, உங்களுக்கு ஆள் இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. அது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) சட்டம்.

"சீசன் ஆளுக்கு இல்லை" என்பது பொய். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுவேலை, பயிலுநர் என்று பேதமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து உரிமை உண்டு. அதோடு, உமக்கு அது இல்லையென்றால் 8 வீதத்தை எதற்காக வெட்டினார்கள்? முகாமையாளர் தன் வாயாலேயே அகப்பட்டுவிட்டார்.

கணக்கு இப்படி: சம்பளம் 30,000 ரூபா என்றால் உம்மிடம் வெட்டுவது 8 வீதம், 2,400. முதலாளி தன் கையால் போடவேண்டியது 12 வீதம், 3,600. மாதம் 6,000 ரூபா மத்திய வங்கியில் உள்ள நிதிக்குப் போகவேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. இது முழுக்க முதலாளியின் காசு, உம்மிடம் வெட்டக்கூடாது. சில இடங்களில் 11 வீதம் வெட்டுகிறார்கள் என்று கேள்வி. அங்கே இந்த 3ஐயும் தொழிலாளி தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுப் படி போன்ற படிகள் சேரும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டிவிட்டு மீதியை வேறு வேறு பெயரில் தருவது பழைய வித்தை. ஆகவே சம்பளச் சீட்டில் ஒவ்வொரு வரியையும் பாரும்.

ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும். பிந்தினால் மேலதிக அறவீடு 5 வீதத்தில் தொடங்கி, பிந்தப் பிந்த 50 வீதம் வரை ஏறும். அது தொழிலாளியிடம் எடுக்கும் காசு அல்ல, முதலாளிதான் கட்டவேண்டும்.

இனி நீர் செய்யவேண்டியது. உம்முடைய அங்கத்துவ இலக்கத்தையும் நிறுவனத்தின் தொழில் வழங்குநர் இலக்கத்தையும் கண்டுபிடியும். சம்பளச் சீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் எழுத்தில் கேளும். இலக்கம் கிடைத்தால் சேமலாப நிதித் திணைக்களத்தில் உம்முடைய கணக்கு மீதியைக் கேட்கலாம். இலக்கமே தராவிட்டால் பதிவே செய்யவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

பதிவு இருந்தும் காசு 'காணாமல்' போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் பெயர் எழுத்து. அடையாள அட்டையில் ஒரு விதம், படிவத்தில் இன்னொரு விதம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகையில் 'த'வுக்கு ஓர் எழுத்துக் கூடும், ஒன்று குறையும், தந்தை பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு கணக்கும் புதிய 12 இலக்கத்தில் இன்னொரு கணக்குமாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. அப்படியானால் சண்டைக்குப் போக முதல் பெயர் திருத்த விண்ணப்பம் போடும்.

உண்மையிலேயே கட்டவில்லை என்று தெரிந்தால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யும். வாயால் சொல்லிவிட்டு வராதீர். கொண்டுபோக வேண்டியவை: நியமனக் கடிதம் இருந்தால் அது, சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகப் பக்கங்கள், அடையாள அட்டைப் பிரதி, வேலை செய்த காலத்தை மாதவாரியாக எழுதிய ஒரு தாள். சீட்டே தராத இடம் என்றால் வேலைப் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்த படம், முகாமையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி, சீருடையோடு திகதி விழுந்த படம், எதுவும் உதவும். ஒருவராகப் போவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுத்தால் பலம் கூடும். தொழில் அதிகாரி நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்வையிடலாம், நிலுவையைக் கணக்கிட்டுக் கட்டச் சொல்லலாம். கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பித் தண்டப்பணம் அறவிடுவதைப்போல அறவிடலாம். முறைப்பாட்டுப் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்.

காலத்தையும் பாரும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் முடிந்து ஒக்டோபரில் ஆட்கள் கலைந்தபின் சாட்சி தேடி ஓடவேண்டி வரும். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே தாள்களைச் சேர்த்துவிடும்.

சாண்டர்ஸ் கம்யூனிஸ்டா? (மூதூர்)

இல்லை. தன்னை 'ஜனநாயக சோஷலிசவாதி' என்கிறார். தொழிற்சாலைகளை அரசுடைமையாக்கச் சொல்லவில்லை. டென்மார்க்கைக் காட்டுகிறார், கியூபாவை அல்ல. 1944இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முன்வைத்த பொருளாதார உரிமைகளை (வேலை, வீடு, வைத்தியம், கல்வி) முடித்துவைப்பதுதான் தன் வேலை என்று 2015இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் விளக்கினார். நம் நாட்டில் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் வேண்டும் என்பவரை யாரும் அப்படி அழைப்பதில்லை.

எனக்கு இருபது வருடமாக நீரிழிவு. கிண்ணியா ஆஸ்பத்திரியில் இன்சுலின் காசில்லாமல் தருகிறார்கள். உலகத்தின் பணக்கார நாட்டில் இன்சுலின் வாங்க முடியாமல் ஆட்கள் பங்கிட்டுப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்பவா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா)

நம்புங்கள் சேர். அங்கே மருந்தின் விலையை அரசு நேரே நிர்ணயிப்பதில்லை. உற்பத்தியாளர், காப்புறுதிக் கம்பனி, இடையில் பேரம் பேசும் முகவர் என்று பல கை மாறி வருகிறது. காப்புறுதி இல்லாதவரும், பெருந்தொகையைத் தாமே கட்டித் தீர்த்த பின்னரே காப்புறுதி உதவும் என்ற வகைத் திட்டத்தில் இருப்பவரும் முழுப் பட்டியல் விலையைக் கட்டுகிறார்கள். எல்லை தாண்டினால் கனடாவில் அதே மருந்து மலிவு. 1999இல், பிரதிநிதிகள் சபையில் இருந்தபோது, சாண்டர்ஸ் வெர்மொன்ட் பெண்கள் சிலரை பஸ்ஸில் ஏற்றி மொன்றியலுக்குக் கூட்டிப்போனார். மார்பகப் புற்றுநோய்க்கான டமொக்சிபென் அங்கே பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. வாதம் செய்வதைவிடப் பற்றுச்சீட்டைக் காட்டுவது என்ற அவர் பாணி அன்றிலிருந்தே.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதியோருக்கான அரச காப்புறுதியான 'மெடிகெயார்' திட்டத்தில் இருப்பவருக்கு 2023 தொடக்கம் இன்சுலின் மாதம் 35 டொலருக்கு மேல் போகக்கூடாது. அது முதியோருக்கு மட்டும். மற்றவர்களுக்கும் அதே உச்சவரம்பைச் சட்டமாக்கும் முயற்சி செனட்டில் தடைப்பட்டது. பின்னர் பெரிய உற்பத்தியாளர்கள் தாமே பட்டியல் விலையைக் குறைத்தார்கள்.

அவருடைய பெரிய திட்டம், அந்த மெடிகெயாரை எல்லோருக்கும் விரிப்பது. ஒரேயடியாக அல்ல, 2017இல் கொண்டுவந்த சட்டமூலத்தில் நான்கு ஆண்டுப் படி: தகுதி வயது 65இலிருந்து 55, பிறகு 45, பிறகு 35, கடைசியில் அனைவரும். தனியார் காப்புறுதிக்கு அடிப்படை வைத்தியத்தில் இடமில்லை. இங்கேதான் அவருக்கு எதிர்ப்பு எதிரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. 2020இல் நெவாடாவில் ஹோட்டல், சமையலறை ஊழியரின் பலமான தொழிற்சங்கம், பல வேலைநிறுத்தங்களால் தாங்கள் வென்ற நல்ல காப்புறுதி இதனால் பறிபோகும் என்று உறுப்பினருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தது. அந்த மாநில உட்கட்சித் தேர்தலில் அவரே வென்றார் என்பது வேறு. ஆனால் கையில் இருப்பதை விட்டுவிட்டு வரப்போவதை நம்பு என்று தொழிலாளியிடமே கேட்பது லேசான காரியம் இல்லை. அதற்கு அவர் முழுப் பதில் சொன்னார் என்று நமக்குத் தோன்றவில்லை.

அங்கே பிள்ளைப்பேற்று லீவு எத்தனை நாள்? (தையல் தொழிலகப் பெண், தம்பலகாமம்)

சம்பளத்தோடு, நாடு முழுவதற்கும், பூச்சியம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் சம்பளமில்லாத லீவு தருகிறது. அதுவும் 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், 12 மாதமும் 1,250 மணித்தியாலமும் வேலை செய்திருந்தால். சில மாநிலங்கள் தனியாகச் சம்பளத்தோடு லீவு தருகின்றன. உங்களுக்கு 84 நாள், சம்பளத்தோடு. 2018க்குப் பிறகு மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் அதே அளவு. இதை முதலாளி 'சலுகை' என்று சொன்னால் திருத்துங்கள்.

பிள்ளைகள் விடயத்தில் அமெரிக்கா ஒரு வருடம் நல்ல பாடம் காட்டியது. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 300 டொலர் வரை, 6 முதல் 17 வயது வரை 250 டொலர் வரை, வரி கட்டாத ஏழைக் குடும்பத்துக்கும் சேர்த்து, நேரே வங்கிக் கணக்குக்குப் போனது. அரச கணக்கின்படி அந்த ஆண்டு பிள்ளைகளின் வறுமை 5.2 வீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீடிக்கும் சட்டமூலத்துக்கு ஜனநாயகக் கட்சியின் மேற்கு வேர்ஜினியா செனட்டர் ஜோ மான்சின் சம்மதிக்கவில்லை. 50க்கு 50 இருந்த சபையில் ஒருவர் போதும். 2022இல் வறுமை 12.4 வீதம். காசு கொடுத்தால் குறைகிறது, நிறுத்தினால் கூடுகிறது. இதற்கு மேல் ஆய்வு தேவையா?

இத்தனை வருடம் இருந்து இவர் சாதித்தது என்ன? பேச்சு மட்டும்தானா? (கடை உரிமையாளர், திருகோணமலை நகர்)

பெரிய சட்டம் ஒன்றைத் தன் பெயரில் நிறைவேற்றியவர் என்று சொல்ல முடியாது, முதலாளி. அவருடைய தொழில் வேறு: பெரிய சட்டமூலம் போகும்போது அதில் ஒரு திருத்தத்தைச் செருகுவது. 2010 சுகாதாரச் சட்டத்தில் சமூக சுகாதார நிலையங்களுக்கு 1,100 கோடி டொலர் சேர்க்க வைத்தார். ஏழைகள் பல்லுக்கும் பிரசவத்துக்கும் போகும் இடங்கள் அவை. 2014இல் குடியரசுக் கட்சியின் ஜோன் மெக்கெயினோடு சேர்ந்து முன்னாள் படைவீரர் வைத்தியச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

இன்னொரு வழி, நிறைவேறாத சட்டமூலத்தாலேயே வேலை வாங்குவது. 2018 செப்டெம்பரில் அமேசோன் போன்ற பெரிய நிறுவனங்களின் ஊழியர், ஏழைகளுக்கு அரசு தரும் உணவு முத்திரை வாங்கினால் அந்தச் செலவை நிறுவனத்திடமே வரியாக அறவிடும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். அது எழுந்து நிற்கவே இல்லை. ஆனால் அடுத்த மாதம் அமேசோன் தன் அமெரிக்க ஊழியருக்கு ஆகக்குறைந்தது 15 டொலர் என்று அறிவித்தது. கூடவே மாத ஊக்கத்தொகையையும் பங்கு வழங்கலையும் நிறுத்தியது. பழைய ஊழியர் சிலர் தங்களுக்கு நட்டம் என்று குரல் எழுப்ப, சம்பளத்தில் சரிக்கட்டுவதாகச் சொன்னது. சம்பள உயர்வு என்று கேட்டதும் கைதட்டாமல், எதைக் கழற்றினார்கள் என்று மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

துப்பாக்கி விடயத்தில் அவர் பதிவு சுத்தமில்லை. 1993இல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் பிராடி சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். வேட்டைக்காரர் நிறைந்த மாநிலம் என்பது விளக்கம்தான், நியாயமல்ல.

வாரத்துக்கு 32 மணித்தியாலம் என்கிறாராமே? எங்கள் கரைவலைக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? (மீனவர், சாம்பல்தீவு)

அண்ணை, உங்கள் கேள்வியில் சிரிப்பும் இருக்கிறது, சரியான குத்தும் இருக்கிறது. 2024 மார்ச்சில் அவர் கொண்டுவந்த சட்டமூலம், 1940இலிருந்து நிற்கும் 40 மணித்தியாலத்தை நான்கு ஆண்டில் 32 ஆக்கச் சொல்கிறது, சம்பளம் குறையாமல். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. இயந்திரமும் கணினியும் கூட்டித்தந்த உற்பத்தியின் பலன் முதலாளியிடம் மட்டும் போகக்கூடாது என்பது வாதம். இங்கே கடை, காரியாலய ஊழியருக்கு 45 மணித்தியாலம்.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் முதலாளி, தொழிலாளி என்று இருவர் இருக்கும் இடத்துக்குத்தான். கரைவலையில் பங்குதானே. வலையின் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, செலவு கழித்து மீதியில் இழுத்தவர்களுக்குப் பங்கு. பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை. அங்கே சேமலாப நிதியும் இல்லை, மேலதிக நேரமும் இல்லை. சாண்டர்ஸின் திட்டத்திலும் உங்களுக்கு நேரடி மருந்து கிடையாது. அவர் பேசுவது பெரும்பாலும் சம்பளக்காரரைப் பற்றி.

எங்கள் இடத்தில் சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்? அமெரிக்காவில் எப்படி? (களஞ்சிய ஊழியர், சீனன்குடா)

அமெரிக்காவில் ஒரு வேலைத்தளத்தின் 30 வீதத்தினர் கையொப்பமிட்டால் தேசிய தொழில் உறவுகள் சபை இரகசிய வாக்கெடுப்பு வைக்கும். வாக்களித்தோரில் பாதிக்கு மேல் கிடைத்தால் சங்கம். பிரச்சினை அதன்பின்தான்: முதல் ஒப்பந்தத்துக்கு முதலாளி இழுத்தடிக்கலாம். கோப்பிக் கடைக் கம்பனியான ஸ்டார்பக்ஸின் பஃபலோ நகரக் கடை ஒன்றில் 2021 டிசம்பரில் சங்கம் வென்றது. 2023 மார்ச்சில் சாண்டர்ஸ் அதன் முன்னாள் தலைவர் ஹவார்ட் ஷூல்ட்ஸைத் தான் தலைமை தாங்கிய செனட் குழுவின் முன் அழைத்துக் கேள்வி கேட்ட நாளில்கூட ஒப்பந்தம் கைச்சாத்தாகவில்லை.

இங்கே தொடங்குவது லேசு, நிலைப்பதுதான் பாடு. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் போதும். விதிக்கோவை ஒன்றை ஏற்று, ஏழு பேர் கையொப்பத்தோடு, சங்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் ஏழு பேரோடு முதலாளியைப் பேச்சுக்கு வரச்சொல்ல முடியாது. சங்கத்தை அங்கீகரித்துப் பேரம் பேசியே ஆகவேண்டும் என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தம் சொல்வது, அந்த ஊழியரில் 40 வீதத்துக்குக் குறையாதோர் உறுப்பினராக இருந்தால்தான். நூறு பேர் இருக்கும் களஞ்சியத்தில் நாற்பது பேர். ஆகவே ஏழு பேரோடு பதிந்துவிட்டு மறுநாளே கோரிக்கைக் கடிதம் கொடுக்காதீர்கள். முதலில் சந்தாப் புத்தகத்தைச் சரியாக வையுங்கள். யார், எப்போது சேர்ந்தார், சந்தா கட்டினாரா என்ற பதிவுதான் 40 வீதத்துக்குச் சாட்சி. சம்பளத்தில் சந்தா வெட்டச் சொல்வதானால் ஒவ்வொருவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். வருடாந்தக் கணக்கறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்பாமல் விட்டால் பதிவே நீக்கப்படலாம். நன்றாகத் தொடங்கிய சங்கங்கள் படுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்.

நான் 55இல் சேமலாப நிதியை மொத்தமாக எடுத்தேன். வீடு திருத்தியதோடு முடிந்தது. அமெரிக்கருக்குச் சாகும்வரை மாதா மாதம் வருகிறதாமே? (ஓய்வுபெற்ற இலிகிதர், உவர்மலை)

வருகிறது. சம்பளத்தில் ஊழியரிடம் 6.2 வீதம், முதலாளியிடம் 6.2 வீதம் சமூகப் பாதுகாப்பு வரி. 1960இலோ அதற்குப் பின்னோ பிறந்தவருக்கு முழு ஓய்வூதிய வயது 67. 62இலேயே எடுக்கலாம், ஆனால் 30 வீதம் குறையும், அந்தக் குறைவு நிரந்தரம்.

சாண்டர்ஸ் கைவைப்பது வரியின் உச்சவரம்பில். 2025இல் 176,100 டொலர் வரை உள்ள சம்பளத்துக்கு மட்டும் அந்த வரி. வருடம் பத்து இலட்சம் டொலர் உழைப்பவர் மார்ச் தொடக்கத்திலேயே அந்த ஆண்டுக்கான வரியைக் கட்டி முடித்துவிடுவார். தாதி டிசம்பர் வரை கட்டுவார். 250,000 டொலருக்கு மேலுள்ள வருமானத்துக்கும் வரியைத் திரும்பக் கொண்டுவந்து, அதைக் கொண்டு எல்லோருடைய ஓய்வூதியத்தையும் கூட்டவேண்டும் என்பது அவர் சட்டமூலம்.

நம் சேமலாப நிதியில் அப்படி உச்சவரம்பு இல்லை. எவ்வளவு பெரிய சம்பளமானாலும் 8ம் 12ம்தான். நம்முடைய குறை மற்றப் பக்கத்தில்: ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் ஒரே காசோலை, அதோடு உறவு முடிந்தது. இனி எடுக்கப்போகும் வாசகர்களுக்கு ஒன்று: வயது வந்ததும் எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையில் தொடர்ந்தால் பணம் அங்கேயே இருந்து வருடாந்த வட்டி சேரும். எடுக்கும்போது பணிக்கொடையையும் மறக்கவேண்டாம். 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். அது சேமலாப நிதிக்குப் புறம்பானது, முதலாளியிடம் நேரே கேட்கவேண்டியது, வேலை விட்டு 30 நாளுக்குள் தரவேண்டியது.